பொலோன்யாவில் இரண்டே முக்கால் மணி நேரம்

ஒரியெல்லா சவியோலி காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். ரிமினிக்கும் பொலோன்யாவுக்கும் இடையே ஓடும் உள்ளூர் ரயிலில் இருபத்தேழு வருடமாக டிக்கெட் பார்க்கிறாள். டிக்கெட் பார்ப்பது மட்டுமில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, வண்டியின் நீளத்துக்கும் ஒரு பார்வை ஓட்டி, கதவுகளை மூடி, விசில் ஊதிக் கிளப்பிவிடுவதும் அவள்தான். அவள் ஊதாமல் ஓட்டுநர் வண்டியை நகர்த்தக் கூடாது. பெட்டியில் பாதி இருக்கை காலியாகக் கிடந்தாலும் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருப்பாள். அவளை விட்டுப் பிரிந்து ரவென்னாவில் வேறு குடும்பம் நடத்தும் இவானோ விவாகரத்துக்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, பதினாறு வருடத்தில் ஒரு சினிமாவைக்கூட இவளோடு முழுசாகப் பார்த்ததில்லை என்பது. நீதிபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். ஃபோர்லி ஊரில் அது எல்லோருக்கும் தெரிந்த கதை.

செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் அவளுடைய வண்டி பகல் பன்னிரண்டு இருபத்திரண்டுக்குப் பொலோன்யா வந்து சேரும். திரும்பும் வண்டி மூன்று ஆறுக்கு. நடுவே இரண்டே முக்கால் மணி நேரம் வேலையில்லை. மற்ற ஊழியர்கள் ஓய்வறையில் சாப்பிட்டுவிட்டு, சீட்டாடிவிட்டு, நாற்காலியிலேயே கண்ணை மூடுவார்கள். அவளுடைய வண்டியை ஓட்டுகிற லோரிஸ் என்கிற தடியன், மனைவி கட்டிக் கொடுத்த பியதினா ரொட்டியைப் பிரிக்கும் முன்பே செருப்பைக் கழற்றிவிடுவான். ஒரியெல்லா அந்த அறைக்குள் காலே வைக்க மாட்டாள். தொப்பியைப் பைக்குள் திணித்து, சீருடைக்கு மேல் ஒரு நீலக் கோட்டைப் போட்டு, கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊருக்குள் இறங்கிவிடுவாள்.

பொலோன்யாவில் மழைக்கும் வெயிலுக்கும் பயப்பட வேண்டியதில்லை. தெருவெல்லாம் வளைவு கட்டிய நடைபாதை. நாள் முழுக்க நடந்தாலும் தலையில் ஒரு சொட்டு விழாது. சுற்றுலாக்காரர்கள் அந்த வளைவுகளைத்தான் வரிசையாகச் சுட்டுத்தள்ளுவார்கள். ஒரியெல்லாவுக்குக் கட்டடத்தில் ஆசை கிடையாது. தன்னால் ஓரிடத்தில் நிற்க முடியாததாலோ என்னவோ, நிற்கிறவர்களைத்தான் படம் எடுப்பாள். அதிலும் கிழவர்கள். பொலோன்யாவில் எங்கே பள்ளம் தோண்டினாலும் பத்தாவது நிமிடம் நாலு கிழவர்கள் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார்கள். தோண்டுகிறவனுக்கு யோசனை சொல்வார்கள். அவன் கேட்கவில்லையென்றால் ஒருவரையொருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொள்வார்கள். இவர்களுக்கு உமாரெல் என்று ஊரில் தனிப் பெயரே உண்டு. ஒரியெல்லாவிடம் இவர்களுடைய முதுகுகள் மட்டும் முந்நூறு, நானூறு இருக்கும்.

லோரிஸ் ஒருமுறை அவள் கேமராவை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு மொகம்கூட இல்லையேடி இதுல," என்றான்.

"மொகம் போஸ் குடுக்கும். முதுகு குடுக்காது," என்றாள். அதற்கு அவன் தன் முதுகைத் திருப்பிக் காட்டி, இதையும் எடுத்துக்கொள், அகலப் படமாக வரும் என்றான்.

அவளுடைய மகன் டெனிஸ் அதே பொலோன்யாவில்தான் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். இருபத்தாறு வயது. சான் விதாலே தெருவில் இன்னும் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தான். வாரம் இரண்டு நாள் அந்தத் தெரு முனையைத் தாண்டித்தான் ஒரியெல்லா போவாள். உள்ளே திரும்ப மாட்டாள். அவன் இரண்டாம் வருடம் படிக்கும்போது ஒருநாள் ஒரு தட்டு நிறைய லசான்யா செய்து எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றாள். பகல் ஒரு மணிக்கு அவன் தூங்கிக்கொண்டிருந்தான். கதவைப் பாதி திறந்தபடி, போன் பண்ணாமல் வராதே அம்மா என்றான். ரோஷக்காரி, நீட்டிய தட்டைப் பிடுங்கிக்கொண்டு திரும்பியவள்தான், அன்றிலிருந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பிள்ளையின் சுதந்திரத்தில் தலையிடாத தாய் என்று அதையும் ஒரு பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் பேசுவார்கள். எந்தப் பரீட்சையில் முப்பதுக்கு எவ்வளவு என்று அவன் சொல்வான். இருபத்தேழு என்றால் திங்கட்கிழமை வண்டியில் பத்துப் பேருக்காவது தெரிந்துவிடும். ஒருதரம் முப்பதுக்கு முப்பது என்றான். ஃபாயென்சாவிலிருந்து இமோலா வரைக்கும் ஒரு பெட்டி முழுக்க அதைக் கேட்டுக்கொண்டு வந்தது. அன்றைக்கு டிக்கெட்டில் முத்திரை குத்தாமல் ஏறிய இரண்டு பேரை அபராதம் போடாமல் விட்டுவிட்டாள்.

பட்டம் வாங்கும் நாளையும் டெனிஸ் சொல்லியாகிவிட்டது. மார்ச் மாதம், இரண்டாவது வியாழன். ஒரியெல்லாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஃபோர்லிக்கு மேலே மலையடிவாரத்தில் இருக்கிற சாப்பாட்டுக் கடையில் இருபத்திரண்டு பேருக்குச் சொல்லிவைத்தாள். சூப்பில் மிதக்கும் கப்பெல்லெத்தி மாவுப் பொட்டலங்களை அன்றைக்குக் காலையில்தான் மடிக்க வேண்டும், முதல்நாளே மடித்தது ஆகாது என்று கடைக்காரியிடம் இரண்டு தடவை சண்டை போட்டாள். பட்டம் வாங்கினால் வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சிவப்புச் சர்க்கரைப் பாதாமை அக்காவோடு உட்கார்ந்து சின்னச் சின்னத் துணிப் பைகளில் கட்டினாள். தலையில் வைக்கிற பிரிஞ்சி இலைக் கிரீடத்துக்குப் பூக்கடையில் சொன்னாள். ரவென்னாவில் இருக்கிற இவானோவுக்குக்கூட ஆள் அனுப்பினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், இரண்டு குளிர்காலம் முந்தி, யாரோ இருக்கையில் விட்டுப்போன செய்தித்தாளில் ஒரு செய்தி வந்திருந்தது. வேறு ஏதோ ஊரில் ஒரு பையன். பட்டம் வாங்குகிற நாள் என்று சொல்லி, குடும்பம் மொத்தமும் பூங்கொத்தோடு வந்து நிற்கிறது; பட்டியலில் அவன் பெயரே இல்லை. பாதிப் பரீட்சைகூட எழுதியிருக்கவில்லை. பையன் உயிரோடு கிடைக்கவில்லை. இப்படி ஒரு செய்தி வருடத்துக்கு ஒன்று எங்கிருந்தாவது வந்துவிடுகிறது. ஒரியெல்லா அதைப் படித்துவிட்டு, பெற்றவளுக்கா தெரியாமல் போகும், அவள் என்ன அம்மா என்று பொரிந்து தள்ளினாள். லோரிஸ் ஆரஞ்சு உரித்துக்கொண்டே, "தெரியாமப் போகும்," என்றான். ரிமினி போய்ச் சேரும்வரை அவள் அவனோடு பேசவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வியாழனுக்கு இன்னும் ஒன்பது நாள்தான். எந்த மண்டபம், எத்தனை மணி என்று மூன்று வாரமாகக் கேட்கிறாள். சொல்கிறேன் சொல்கிறேன் என்கிறான். ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்கவில்லை. படித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு வரி மட்டும் வந்தது. வியாழனன்று விடுப்பு எழுத வேண்டும், எத்தனை மணிக்கு என்று லோரிஸ் கேட்டபோது பத்தரைக்கு என்றாள். பத்தரை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

பொலோன்யாவில் இறங்கியதும் வழக்கத்தைவிட வேகமாக நடந்தாள். இந்திபெந்தென்சா தெருவில் அரைக் கிலோமீட்டர் போனபிறகுதான் கேமராவின் மூடியைக் கழற்றவில்லை என்பது தெரிந்தது. பேருந்துக்கு நிற்கிற ஒரு பெண்ணை எடுத்தாள். படம் கலங்கிவிட்டது. பழைய சந்தைச் சந்துக்குள் நுழைந்து, முளைவிட்ட கிழங்குக் கூடைக்கு முன்னால் யோசித்து நின்ற ஒரு சமையல்காரரை எடுத்தாள். அவர் திரும்பி முறைத்தார். ஒரு கடையில் நுழைந்து கால் கிலோ மொர்ததெல்லா இறைச்சி வெட்டச் சொல்லிவிட்டு, வெட்டி முடிப்பதற்குள் வேண்டாம் என்று வெளியே வந்துவிட்டாள். சான் விதாலே தெரு முனை வந்தது. வழக்கம்போலத் தாண்டினாள். நாலடி போய் நின்று, திரும்பி வந்து, மறுபடி தாண்டினாள். போன் பண்ணாமல் வராதே என்றானே. போனும் எடுக்க மாட்டேன் என்கிறானே.

ஊர் நடுவே நிற்கிற இரண்டு பழைய கோபுரங்களுக்கு அடியில் ஏதோ குழாய் வேலைக்காகத் தரையைப் பெயர்த்திருந்தார்கள். ஐந்து கிழவர்கள் பள்ளத்தின் விளிம்பில் வரிசையாக நின்றார்கள். ஐவர் கையும் பின்னால். ஒருவருக்கு ஒரு காலுறை மட்டும் கீழே இறங்கியிருந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் அவளுக்கு அது கொண்டாட்டம். பதினொரு படம் எடுத்தாள். எடுத்த கையோடு பக்கத்துக் கடையில் நுழைந்து, நின்றபடியே ஒரு காபி சொல்லி, சர்க்கரை போடாமல் குடித்துக்கொண்டு, எடுத்ததைப் புரட்டினாள். மணி ஒன்று இருபத்தைந்து.

ஏழாவது படத்தில் கிழவர்களுக்குப் பின்னால், அசினெல்லி கோபுரத்தின் அடியில் இருக்கிற சின்னக் கதவு தெரிந்தது. அதற்குள் ஒரு பையன் குனிந்து நுழைந்துகொண்டிருந்தான். பச்சைக் கோட்டு. வலது முழங்கையில் சாம்பல் நிறத் துணி வைத்துத் தைத்த ஒட்டு. அந்த ஒட்டைத் தைத்தவள் அவள்தான். அடப்பாவி, இங்கேதான் இருக்கிறானா, பத்தடியில் இருந்தும் பார்க்காமல் விட்டேனே என்று முதலில் சந்தோஷம்தான் வந்தது. கடைக்காரனிடம் படத்தைக் காட்டி, என் மகன் என்று சொல்லக்கூட வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

பொலோன்யாவில் படிக்கிற எந்தப் பிள்ளையும் பட்டம் வாங்கும்வரை அந்தக் கோபுரத்தில் ஏறாது. ஏறினால் பட்டம் கிடைக்காது. கடவுளை நம்பாதவன்கூட இதை நம்புவான். கோபுரத்து நிழல் விழுகிற வீட்டில் ஏழு வருடம் குடியிருந்தாலும், ஊரிலிருந்து சித்தி சித்தப்பா வந்தால் அவர்களை மேலே அனுப்பிவிட்டு இவன் கீழே நின்று ஐஸ்கிரீம் தின்பான். பட்டம் வாங்கிய அன்றைக்கு, தலையில் கிரீடத்தோடு, குடித்த மதுவோடு, மூச்சு வாங்க நானூற்றுத் தொண்ணூற்றெட்டுப் படியும் ஏறி இறங்குவான். ஒரியெல்லா இதில் எல்லோரையும் மிஞ்சியவள். டெனிஸ் சேர்ந்த நாளிலிருந்து அவளும் ஏறவில்லை. அம்மாக்களுக்கு அப்படியொரு விதி கிடையாது. எதற்கு வம்பு என்று அவளாகவே வைத்துக்கொண்டது.

பட்டத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஒருவன் அந்தக் கதவுக்குள் போகிறான் என்றால், அவனுக்குப் பட்டம் இல்லை. அவளுக்கு அது யாரும் சொல்லாமலே விளங்கியது. மண்டபம் சொல்லாதது, மணி சொல்லாதது, பகல் ஒரு மணித் தூக்கம், அந்த முப்பதுக்கு முப்பது, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. அதோடு செய்தித்தாளும் வந்தது. அந்தக் கோபுரம் தொண்ணூற்றேழு மீட்டர் உயரம்.

போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. காபிக்குக் காசு வைத்தாளா இல்லையா என்பது நினைவில்லாமல் ஓடினாள். கிழவர்கள் அதே இடத்தில் நின்றார்கள். பச்சைக் கோட்டுப் பையன் இறங்கி வந்தானா என்று கேட்டாள். காலுறை இறங்கிய கிழவர் திரும்பினார்.

"அவனா? நான்கூடக் கேட்டேன், படிக்கிற பையனாப்பான்னு. ஆமான்னான். பட்டம் வாங்கிட்டியான்னேன். இல்லன்னான். அப்புறம் ஏன்டா ஏர்ற, கூறுகெட்டவனேன்னேன். பதில் சொல்லாம உள்ள போய்ட்டான். இன்னும் வரலம்மா."

கதவுக்குள் முதல் திருப்பத்தில் டிக்கெட் கொடுக்கிற பெண், மேலே போனவர்கள் இறங்கின பிறகுதான் அடுத்த கூட்டம், இருபது நிமிடம் ஆகும் என்றாள். படிக்கட்டு ஒற்றையடி, ஒருவர் ஒதுங்காமல் இன்னொருவர் போக முடியாது. ஒரியெல்லா கோட்டு பட்டனை அவிழ்த்துச் சீருடையைக் காட்டினாள். ரயில் அட்டையை நீட்டினாள். எதற்கு நீட்டினாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. இருபத்தேழு வருடப் பழக்கம். அந்தப் பெண் ரயில்வே சீருடைக்கும் கோபுரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்து முடிப்பதற்குள் இவள் பத்துப் படி ஏறியிருந்தாள்.

மரப்படி. ஆயிரக்கணக்கானவர்கள் மிதித்து நடுவில் குழிந்த படி. கைப்பிடி வழுக்கியது. நூறு வரைக்கும் எண்ணினாள், அப்புறம் எண்ண முடியவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் பெயரைக் கூப்பிட நினைத்தாள். கூப்பிட்டால் மேலே இருப்பவன் திடுக்கிட்டு ஏதாவது செய்துவிடுவானோ என்று பயம். சுவரில் இருந்த சின்ன ஓட்டைகள் வழியாகத் தெரு தெரிந்தது. தெருவில் கூட்டம் கூடியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். கூடவில்லை. அடுத்த ஓட்டையிலும் கூடவில்லை. எதிரே இறங்கி வந்த ஒரு ஜெர்மன் குடும்பத்தைச் சுவரோடு சுவராக ஒதுக்கித் தள்ளிவிட்டு ஏறினாள். மன்னிப்பும் கேட்கவில்லை. ஏன் அந்தத் தெருவுக்குள் ஒருதரம்கூடத் திரும்பவில்லை, ஏன் ஒருதரம்கூடத் திரும்பவில்லை என்று படிக்கொன்றாகத் தன்னைத் திட்டிக்கொண்டே போனாள். லசான்யாத் தட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்த அந்த ரோஷத்தை நினைத்தால் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மேலே காற்று பிய்த்துக்கொண்டு போனது. நாலைந்து பேர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். டெனிஸ் தெற்கு மூலையில் தரையில் உட்கார்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தான்.

அவளுக்கு மூச்சு விடவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. நேராகப் போய் அவன் கோட்டுக் காலரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா? நீ எப்பிடி இங்க?"

"போட்டோ எடுத்துட்டிருந்தேன்," என்றாள்.

அவன் அவளைப் பார்க்காமல் தன் காலணியையே பார்த்தான். பிறகு, "வியாழக்கிழம ஒண்ணும் இல்லம்மா," என்றான்.

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"நீதான் கோபுரத்துல ஏறிட்டியே."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறிவிட்டது. மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, அவள் கேட்கக் கேட்கச் சொன்னான். பதினாறு பரீட்சை பாக்கி. மூன்று வருடமாக எதையும் எழுதவில்லை. ஒன்றில் தோற்றதும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் தோற்றேன் என்று சொல்ல வாய் வரவில்லை, இருபத்தாறு என்றான். அவள் சந்தோஷப்பட்டாள். அதற்கப்புறம் எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. அந்த முப்பது? அதுவும் பொய்தான். ஒரு பெட்டி நிறைய ஜனம் கேட்ட அந்த முப்பதை நினைத்ததும் அவளுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. இருபத்திரண்டு பேரும், பாதாம் பைகளும், இவானோவின் முகமும் கண்முன் வந்தன. கழுத்தைத் திருக வேண்டும் போலிருந்தது. திருகத் தோதாகக் காலரும் கையில்தான் இருந்தது. பிடியை மட்டும் அவள் தளர்த்தவில்லை.

"எதுக்குடா ஏறின?"

ஒரு பெண் பக்கத்தில் வந்து, எங்களை ஒரு படம் எடுத்துத் தருகிறீர்களா என்று ஒரியெல்லாவிடம் போனை நீட்டினாள். இவள் பார்த்த பார்வையில் அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விட்டாள்.

"தெரியலம்மா. காலையிலேர்ந்து நடந்துட்டே இருந்தேன். எங்கயும் நிக்க முடியல. இங்க வந்தா நிக்கலாம்னு தோணிச்சு." கொஞ்சம் பொறுத்துச் சொன்னான், "தெனமும் நடப்பேன். வகுப்புக்குப் போற நேரத்துல என்ன பண்றது. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் நீ வர்ற தெருவ விட்டுட்டு வேற பக்கம் போவேன்."

அவள் காலரை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"ஒருதரம் உன் பின்னாலயே ஸ்டேஷன் வரைக்கும் வந்தேன். கூப்ட்டுச் சொல்லிடலாம்னு. நீ வேகவேகமா போய்ட்டே இருந்த. திரும்பவே இல்ல."

அதைக் கேட்டு அவளுக்கு எங்கேயாவது போய் ஓலமிட வேண்டும் போலிருந்தது. போக இடமில்லை, நாலு பக்கமும் காற்று. வடக்கே வீடுகளின் சிவப்புக் கூரைகளைத் தாண்டி ஸ்டேஷன் தெரிந்தது. தண்டவாளங்களுக்கு நடுவே வண்டிகள் நின்றிருந்தன, அதில் ஒன்று அவளுடையது. மணி இரண்டு இருபத்தைந்து. இப்போது கிளம்பி ஓடினால் மூன்று ஆறைப் பிடித்துவிடலாம். அந்தக் கணக்கு தானாக மனதில் ஓடி முடிந்தது. அவள் இடத்தைவிட்டு அசையவில்லை. அவன் அழுது முடிக்கட்டும் என்று நின்றாள். காற்றில் அவளுக்குக் காது வலித்தது. கேமரா சுவரில் போய்ப் போய் இடித்துக்கொண்டிருந்தது. அதைக் கையால் பிடிக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

கடைசியில் அவனே எழுந்தான். "சாப்பாட்டுக்குச் சொன்னவங்கல்லாம்?" என்றான்.

"சாப்புடட்டும். அவங்களுக்கு என்ன, வயிறு இல்லையா?"

"என்னன்னு சொல்லுவ?"

"இப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ முன்னாடி எறங்கு."

இறங்கும்போது அவன் கோட்டின் பின்நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். இருபத்தாறு வயதுப் பையன், அவளைவிட ஒரு தலை உயரம். விடும்மா, விழமாட்டேன் என்று இரண்டு தடவை சொன்னான். அவள் விடவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் இவர்களுக்குக் காத்திராமல் விட்ட அடுத்த கூட்டம் ஏறி வந்து இவர்கள் ஒதுங்க வேண்டியிருந்தது. ஒதுங்கி நிற்கும்போதும் அந்த நுனி அவள் கையில்தான் இருந்தது. கீழே வந்து சேர மூன்று பத்து ஆகிவிட்டது. டிக்கெட் பெண் ஏதோ கேட்க எழுந்தாள். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே வளைவுக்கு அடியில் வந்ததும் போன் அலறியது. லோரிஸ். ஒன்பதாவது தடவையாம்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? வண்டி நிக்குது. ஜனம் என்னப் பிச்சுத் திங்குது."

"டெனிஸ்," என்றாள்.

மறுபக்கம் ஓட்டுநர் அறையின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"பக்கத்துல இருக்கானா?"

"இருக்கான்."

"கையைப் புடிச்சுக்க. இங்க நான் பாத்துக்கறேன். ரிசர்வ்ல ஒரு ஆள் இருக்கான், தூங்கறான், எழுப்பி விசிலைக் குடுத்து நிக்கவெச்சுடறேன்." வைக்கும்போது, வாடகைக் காரில் வீட்டுக்கு அழைத்துப் போ, ரயிலில் எல்லோரும் தெரிந்த முகம் என்று சொல்லிவிட்டு வைத்தான்.

இரண்டு நிமிடத்தில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கூப்பிட்டார்கள். அவளுக்குத் தெரியாத குரல், சின்ன வயது, கண்டிப்பு. வண்டி பதினாறு நிமிடம் தாமதமாகத்தான் கிளம்பப் போகிறது. வேலைநேரத்தில் ஆள் இல்லாததற்கு அறிக்கையில் காரணம் போட்டாக வேண்டும். உடல்நலமின்மையா, விபத்தா, வேறா என்று கேட்டான்.

"வேற," என்றாள் ஒரியெல்லா. "மகன்."

டெனிஸ் அவளிடமிருந்து இரண்டடி தள்ளி நின்றான். கிழவர்கள் இன்னும் பள்ளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் போனில் பேசுவதைக் கேட்டுவிட்டு டெனிஸ் தலையைக் குனிந்துகொண்டான். கன்னத்தில் சுவரின் வெள்ளைப் பொடி அப்பியிருந்தது.

"மகனுக்கு என்ன ஆச்சு மேடம்?"

அவள் மகனை உச்சி முதல் கால்வரை பார்த்தாள். மறுபடி, மேடம், மகனுக்கு என்ன ஆச்சு என்று அந்தக் குரல் கேட்டது.

"ஒண்ணும் ஆகல," என்றாள். "அதையே எழுதிக்கப்பா."